விண்மீன்களும் வீதி விளக்குகளும்

கார்த்திகைத் திங்களில் இருள் சூழ்ந்தபின் கீழ்வானை நோக்குவார்க்கு, நீட்டிய கையின் பெருவிரல் மறைக்குமளவில் நெருங்கித் திகழும் சிறு மீன்கூட்டம் ஒன்று புலனாகும். அத்திங்களுக்குப் பெயர் தந்த கார்த்திகை நட்சத்திரம் அதுவே. ஆறு மீன்களாய்த் தோன்றுதலின் நம் முன்னோர் அதனை அறுமீன் என்றும் அழைத்தனர். யோபுவின் ஆகமத்தைத் தமிழாக்கியோரும், மேனாட்டார் பிளையடிஸ் என வழங்கும் இக்கூட்டத்திற்கு அறுமீன் என்னும் பெயரையே தேர்ந்து அமைத்தனர். கற்றாரும் கல்லாரும் ஒருங்கே அறிந்த மீன் இதுவாம்.

சென்ற கார்த்திகையில், அமாவாசையை அடுத்த ஓர் இரவு எட்டு மணியளவில், நாமும் மாணாக்கர் சிலரும் நம் கல்லூரி விளையாட்டுத் திடலில் நின்று இம்மீன்களை எண்ணினோம். வானில் மேகம் இல்லை. மூன்று மீன்கள் எல்லோர்க்கும் தெரிந்தன. நான்காவது மீன், கூரிய கண்ணுடைய இருவர்க்கு மட்டும் தோன்றியும் மறைந்தும் நின்றது. இரண்டு நாள் கழித்து, அவர்களுள் ஒருவர் தம் சிற்றூருக்குச் சென்று வயல்வரப்பில் நின்று எண்ணியபொழுது ஆறும் தெளிவாகத் தெரிந்தனவாம். அவர்தம் பாட்டியாரோ, அறுமீன் என்றால் ஆறுதானே இருக்கும், இதில் எண்ணிப் பார்த்தற்கு என்ன உளது என்று நகைத்தனராம்.

அம்மூதாட்டியாரின் நகைப்பு நம்மைச் சிந்திக்கச் செய்தது. வயலில் தோன்றிய மீன்கள் திடலில் தோன்றாமை ஏன்? அவை எங்கே போயின? மீட்டும் அவற்றைக் காண வழியுண்டோ? இவ்வினாக்களை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

மீன்களின் தரம்

விண்மீன்களை அவற்றின் ஒளி பற்றித் தரம் பிரிக்கும் வழக்கத்தைப் பண்டைக் கிரேக்க வானநூலார் தொடங்கினர். மிக்க ஒளியுடையவற்றை முதல் தரம் என்றும், கண்ணுக்கு அரிதிற் புலனாவனவற்றை ஆறாம் தரம் என்றும் வகுத்தனர். எண் பெருகப் பெருக ஒளி குறையும் என்பதை மாணாக்கர் நினைவிற் கொள்க. 1856-ஆம் ஆண்டில் நார்மன் போக்சன் என்னும் ஆங்கிலேயர் இவ்வழக்கிற்கு ஒரு திட்டமான கணக்கு வகுத்தார். முதல் தர மீன் ஒன்று ஆறாம் தர மீனினும் நூறு மடங்கு ஒளியுடையது என்பதே அக்கணக்கு. எனவே ஒரு தரத்திற்கும் அடுத்த தரத்திற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ இரண்டரை மடங்காம். இப்போக்சன் நமக்கு அயலார் அல்லர். 1861-இல் சென்னை வானாய்வுக்கூடத்தின் தலைவராய் வந்து, அவ்வாண்டிலேயே ஒரு சிறுகோளைச் சென்னையிலிருந்து கண்டு, அதற்கு ஆசியா எனப் பெயரிட்டவர் இவரே.

இக்கணக்கின்படி அறுமீனின் தரங்கள் முறையே 2.9, 3.6, 3.7, 3.9, 4.2, 4.3 என்பன. ஏழாவது மீன் ஒன்று ஐந்தாம் தரத்தை ஒட்டி நிற்கிறது. நல்ல இருளும் நல்ல கண்ணும் வாய்த்தார்க்கு அதுவும் தெரிதல் கூடும். ஆதலின் அறுமீன் கூட்டம் வானில் தொங்கும் ஓர் அளவுகோல் எனலாம். ஆறும் தெரியின் அவ்வூர் வானில் 4.3 தரம் வரையிலாவது மீன்கள் தோன்றும். மூன்று மட்டுமே தெரியின் 3.7-ஐ அடுத்த தரத்தோடு அவ்வானம் நின்றுவிடுகிறது. நம் திடலின் நிலை இதுவே.

தரத்தில் ஒன்றோ இரண்டோ குறைதல் சிறு குறைவென எண்ணற்க. வானம் முழுவதிலும் ஆறாம் தரம் வரையுள்ள மீன்கள் ஏறத்தாழ 5,000. ஐந்தாம் தரம் வரையுள்ளவை 1,600. நான்காம் தரம் வரையுள்ளவை 500. ஒரு நேரத்தில் அடிவானுக்கு மேலே நிற்பன இவற்றுட் பாதியே. ஆகவே இருண்ட நாட்டுப்புறத்தில் ஏறத்தாழ 2,500 மீன்களைக் காணும் கண், நான்காம் தரத்தோடு நிற்கும் நகரில் 250 மீன்களையே காணும். பத்தில் ஒன்பது பங்கு செல்வத்தை இழந்தும், இழந்தோம் என்று அறியாதிருப்பாரை என்னென்பது!

மற்றுமோர் எடுத்துக்காட்டுத் தருவாம். திருமணத்தில் மணமகளுக்கு அருந்ததி காட்டும் வழக்கத்தை யாவரும் அறிவர். சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டர் எனப்படும் மீனின் அருகே ஒட்டி நிற்கும் சிறு மீனே அருந்ததி. வசிட்டர் 2.2 தரம், அருந்ததி 4.0 தரம். பகலில் நடக்கும் திருமணத்தில் அருந்ததி காட்டுதல் ஒரு சடங்கே. காட்டுவாரும் காணார், காண்பாரும் காணார். நம் திடலில் நின்றாலோ நள்ளிரவிலும் வசிட்டர் தனித்தே நிற்பார். நகரத்தின் இரவு அவ்வளவிற்குப் பகலாயிற்று என்க.

மறைப்பது யாது?

பகலில் விண்மீன்கள் தோன்றாமை, அவை வானில் இல்லாமையாலன்று. கதிரவன் ஒளி காற்றிற் சிதறி வானம் முழுவதையும் ஒளிமயமாக்கிவிடுதலின், அவ்வொளியினின்றும் மீனொளியை வேறு பிரித்தறியக் கண் மாட்டாதாகிறது. வெள்ளைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதிய எழுத்தைப் போல்வது அது. முழுநிலா நாளில் சிறு மீன்கள் மறைதற்கும் காரணம் இதுவே. கார்த்திகைத் தீபத்தன்று நிறைமதி அறுமீனின் அருகிலேயே நிற்றலால், தீபநாளிரவு அறுமீனை எண்ணுதற்கு ஏற்றதன்று என்பதையும் ஈண்டுக் குறிப்பிடுவாம்.

நிலவு செய்யும் இத்தொழிலை இக்காலத்தில் நகர விளக்குகள் செய்கின்றன. தெருவிளக்கினின்றும் மேல்நோக்கிச் செல்லும் ஒளி, காற்றின் அணுத்திரள்களிலும், தூசியிலும், நீர்த்திவலையிலும் பட்டுச் சிதறி, ஒரு பகுதி மீண்டு நம் கண்ணை வந்தடைகிறது. இரவில் தொலைவிலிருந்து ஒரு நகரை நோக்கின், அதன்மேல் வெளிறிய குடைபோல் ஓர் ஒளி கவிந்திருத்தல் காண்போமன்றோ? அக்குடையின் கீழ் வாழ்வார் அதனை வானம் என்றே எண்ணிவிடுகின்றனர்.

இதில் நுட்பமாக நோக்கத்தக்கன இரண்டு. ஒன்று, ஒளி செல்லும் திசை. நேரே மேல்நோக்கிச் செல்லும் ஒளி, காற்று மண்டலத்தை விரைவிற் கடந்து விண்வெளியிற் சென்று கெடும். கிடைமட்டத்திற்குச் சற்றே மேலாகச் செல்லும் ஒளியோ, நிலத்தை ஒட்டிய அடர்ந்த காற்றினூடே நெடுந்தொலைவு செல்லுதலின், வழியெல்லாம் சிதறிப் பல ஊர்களின் வானையும் கெடுக்கும். பூங்காக்களிலும் வாயில்களிலும் நாற்புறமும் ஒளிவீசுமாறு நிறுத்தும் உருண்டை விளக்குகளும், சாய்த்துக் கட்டிய பெருவிளக்குகளும் இத்தீங்கை மிகுதியாகச் செய்கின்றன.

மற்றொன்று, ஒளியின் நிறம். காற்றின் அணுத்திரள்கள் செவ்வொளியினும் நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்யும். பகல் வானம் நீலமாய்த் தோன்றுதலும் அதனாலேயாம். முன்னாளில் பல தெருக்களில் மஞ்சள் ஒளி தரும் சோடிய ஆவி விளக்குகள் எரிந்தன. இப்பொழுது அவற்றின் இடத்தில் எல்.இ.டி. விளக்குகள் வந்துள்ளன. இவை மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவன என்பது மெய்யே. ஆயின் இவற்றுள் வெண்மையும் நீலமும் மிக்க ஒளி தருவன வானில் மிகுதியாகச் சிதறுகின்றன. அன்றியும், செலவு குறைந்தமையால் ஒரு விளக்கு நின்ற இடத்தில் மூன்று விளக்கு வைக்கும் மனமும் நமக்கு உண்டாகிறது.

நெடுவழி வந்த விருந்து

அறுமீன் நம்மினின்றும் ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. விநாடிக்கு 3,00,000 கிலோமீட்டர் வீதம் விரையும் ஒளி அங்கிருந்து நம்மை வந்தடைய 440 ஆண்டுகள் ஆகும் என்பது இதன் பொருள். இன்றிரவு நம் கண்ணிற் படும் ஒளி, ஏறத்தாழத் தமிழில் முதல் நூல்கள் அச்சேறிய காலத்தில் புறப்பட்டது. தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சிடப்பட்டது 1578-இல் என்பதை மாணாக்கர் அறிவர். அன்று தொட்டு எத்தனையோ அரசுகள் எழுந்து வீழ்ந்தன. நம் கல்லூரிகள் தோன்றின. நம் பாட்டனாரும் அவர்தம் பாட்டனாரும் பிறந்து மறைந்தனர். அக்காலமெல்லாம் அவ்வொளி இடையறாது வந்துகொண்டிருந்தது.

அவ்வளவு வழியும் கேடின்றி வந்த ஒளி, நிலத்தை ஒட்டிய பத்துக் கிலோமீட்டர்க் காற்றைக் கடத்தற்கு ஒரு விநாடியில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். அந்த இமைப்பொழுதில்தான் அது நம் விளக்கொளியிற் கலந்து தன்னை இழக்கிறது. அவ்வொளியை யாரும் தடுத்தார் அல்லர். அது நம் திடலுக்கு வந்தே சேர்கிறது. நெடுவழி வந்த விருந்தினர் வாயிலில் நின்று அழைப்பவும், உள்ளே நாம் எழுப்பும் ஆரவாரத்தால் அக்குரல் கேளாதொழிவது போல்வது இது.

மலைமேல் ஒரு படிப்பினை

வான்நூற் புலவர்க்கு இவ்விழப்பு எத்துணைப் பெரிது என்பதற்கு அமெரிக்க நாட்டு வரலாறு ஒன்று சான்றாகும். கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரை அடுத்த மௌண்ட் வில்ஸன் என்னும் மலையில், 1917-இல் 100 அங்குல விட்டமுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கி அமைக்கப்பெற்றது. அக்காலத்தில் உலகில் அதனினும் பெரியது இல்லை. 1923-இல் எட்வின் ஹப்பிள் அதன்வழி ஆந்திரமேதா என்னும் வான்புகையில் ஒளி மாறும் மீன் ஒன்றைக் கண்டு, அப்புகை நம் பால்வீதிக்கு அப்பாற்பட்ட தனி உலகக்கூட்டம் என நிறுவினார். ஆயின் மலையடிவாரத்து நகரம் ஆண்டுதோறும் பெருகிற்று. அதன் விளக்குகளும் பெருகின. மலைமேல் வானம் வெளிறத் தொடங்கிற்று.

அப்பொழுது இரண்டாம் உலகப்போர் மூண்டது. பகைவர்க்கு இலக்காகாமற் பொருட்டு அக்கடற்கரை நகரின் விளக்குகள் அணைக்கப்பட்டன. வானாய்வுக்கூடத்தார் பலர் போர்ப்பணிக்குச் சென்றனர். ஜெர்மானிய நாட்டவராகிய வால்ட்டர் பாடே என்பவரோ, பகைநாட்டார் எனப்பட்டமையால் அப்பணிக்கு அழைக்கப்படாது மலையிலேயே தங்கினார். விளக்கணைந்த அவ்விரவுகளை அவர் நன்கு பயன்படுத்தினார். அதுகாறும் யாரும் பிரித்தறிய இயலாதிருந்த ஆந்திரமேதாவின் நடுப்பகுதியைத் தனித்தனி மீன்களாகப் படம் பிடித்தார். அவற்றை ஆராய்ந்து, விண்மீன்கள் இளையனவும் முதியனவுமாக இருவகைக் குலத்தன என்னும் உண்மையை 1944-இல் வெளியிட்டார். அதன் பயனாக, 1952-இல் ஆந்திரமேதாவின் தொலைவு முன்னர்க் கணித்ததினும் ஏறத்தாழ இருமடங்கு என அவரே அறிவிக்க நேர்ந்தது. தொலைநோக்கி முன்னிருந்ததே, மலையும் முன்னிருந்ததே, புதிதாக வாய்த்தது இருள் ஒன்றே.

போர் முடிந்தது, விளக்குகள் மீண்டும் எரிந்தன. 1994-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 17-ஆம் நாள் விடியற்காலையில் அந்நகரில் நிலநடுக்கம் ஏற்பட்டு, மின்சாரம் அற்று, எங்கும் இருள் சூழ்ந்தது. அஞ்சி வீட்டினின்றும் வெளிப்போந்த மக்கள் வானை நோக்கினர். அங்கே மீன்கள் செறிந்திருத்தலைக் கண்டு, நிலநடுக்கத்தால் வானிலும் ஏதோ நேர்ந்ததோ என ஐயுற்று, அந்நகரின் கிரிஃபித் வானாய்வகத்தைத் தொலைபேசி வழியே வினவினாரும் உளர். தாம் பிறந்த ஊரின் மெய்யான வானைக் கண்டு மக்கள் அஞ்சும் நிலை வந்ததெனின், அதனினும் இரங்கத்தக்கது யாது?

நம் நாட்டு நிலை

நம் நாட்டிலும் வான்நூல் ஆராய்ச்சி நகரின் நடுவிலேயே தொடங்கிற்று. சென்னை வானாய்வுக்கூடம் நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைக்கப்பெற்றது. தமிழும் உள்ளிட்ட பல மொழிகளில் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண், அங்குள்ள வானிலை ஆய்வு நிலையத்தில் இன்றும் காணப்படும். அக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், தென்வானில் ஒளி மாறும் மீன் ஒன்றை 1867-இல் கண்டு புகழ் பெற்றார். அன்று அவர் நோக்கிய வானம் நுங்கம்பாக்கத்தின் மேலிருந்த வானமே. இன்று அவ்விடத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார், அவர் கண்டவற்றுள் எத்துணை காண்பர்?

பின்னர் 1899-இல் ஞாயிற்றை ஆராய்தற்பொருட்டு அவ்வாராய்ச்சி கோடைக்கானல் மலைக்குச் சென்றது. விண்மீன்களை ஆராய்தற்பொருட்டு ஜவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூரருகே ஆய்வுக்கூடம் ஒன்று 1960-களின் பிற்பகுதியில் தொடங்கப்பெற்றது. வேணு பாப்பு என்னும் அறிஞரின் முயற்சியால் எழுந்தமையின் அஃது இன்று அவர் பெயரால் வழங்குகிறது. அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986-இல் இயங்கத் தொடங்கிற்று. 1988-இல் அங்குக் கண்ட சிறுகோள் ஒன்றிற்குக் கணிதமேதை இராமானுஜரின் பெயர் சூட்டப்பெற்றது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் லடாக்கில் ஹான்லே என்னுமிடத்தில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் மற்றொரு தொலைநோக்கி அமைந்தது. இடம் தேர்தற்கு மேகமின்மை, காற்றின் தெளிவு முதலாகக் காரணம் பலவாம். இருள் அவற்றுள் இன்றியமையாத ஒன்று. நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய வானாராய்ச்சி, இருளைத் தேடி இமயத்திற்கு அப்பால் வரை சென்றுவிட்டது.

புலவர்கள் மலையேறிச் செல்லலாம். மாணாக்கரும் பொதுமக்களும் எங்கே செல்வர்? உலகெங்கும் இரவுவானின் ஒளியை அளந்து 2016-இல் வெளியிட்ட வரைபடத்தின்படி, மாந்தருள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டார் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காண இயலாதவர். 2023-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி இன்னும் கவலை தருவது. 2011 முதல் 2022 வரை உலகின் பல நாடுகளிலும் பொதுமக்கள் வெறுங்கண்ணால் வானைக் கண்டு, கொடுக்கப்பட்ட படங்களோடு ஒப்பிட்டுக் குறித்தனுப்பிய ஐம்பதாயிரத்திற்கு மேற்பட்ட குறிப்புக்களை அதில் ஆராய்ந்தனர். வானின் ஒளி ஆண்டுதோறும் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம் பெருகியதென்பது அதன் முடிவு. இவ்வீதத்தில், 250 மீன்கள் தெரியும் ஊரில் பிறந்த குழந்தை பதினெட்டு வயதெய்தும்பொழுது அவ்வூரில் 100 மீன்களே தெரியும். வானிலிருந்து நிலத்தை நோக்கி ஒளியளக்கும் செயற்கைக்கோள்கள் இவ்வளவு பெருக்கத்தைக் காட்டவில்லை. நீல ஒளியை அவை உணராமை அதற்கு ஒரு காரணம். கருவி தவறவிட்டதைப் பொதுமக்களின் கண் கண்டது என்பதை மாணாக்கர் உன்னுக.

இத்தீங்கு மாந்தரோடு ஒழிவதன்று. சென்னைக் கடற்கரையில் ஆண்டின் தொடக்கத்தே பங்குனியாமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. இரவிற் பொரித்து வெளிவரும் குஞ்சுகள், ஒளி மிக்க திசையே கடல் என இயல்பூக்கத்தால் அறிந்து அத்திசை நோக்கி ஊர்வன. ஏனெனில், இருண்ட கரையில் வானொளியைத் தாங்கி விளங்குவது கடலே. விளக்கு மிக்க கரையிலோ அவை கடலைவிட்டுச் சாலையை நோக்கி ஊர்ந்து மடிகின்றன. 1988 முதல் மாணாக்கர் குழு ஒன்று இரவுதோறும் அக்கரையில் நடந்து, முட்டைகளைத் திரட்டிக் காத்து, குஞ்சுகளைக் கடலிற் சேர்த்து வருகிறது. மாணாக்கரால் ஆகாதது யாதுளது?

விளக்கு வேண்டாவோ?

இவ்வாறு கூறுதலால் நாம் விளக்கை வெறுக்கின்றோம் என எவரும் கருதற்க. தெருவிளக்கின் கீழிருந்து கற்று உயர்ந்தோரின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் நாம். மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்பும் மாணவியர்க்கும், இரவிற் காவல் புரியும் ஊழியர்க்கும் விளக்கு இன்றியமையாதது. ஆயின் விண்மீனை மறைப்பது வழியில் விழும் ஒளி அன்று. வழியில் விழாது வீணே வானிற் செல்லும் ஒளியே. அதற்கும் பணம் கொடுக்கின்றோம். அதற்கும் நிலக்கரி எரிகிறது. பயன்படாத ஒளிக்கு விலை கொடுத்து, விலையின்றிக் கிடைத்த வானை விற்றுவிட்டோம்.

மேலும், ஒளி மிகுந்தால் காட்சியும் மிகும் என்பது பிழை. நம் கண்ணின் உட்திரையில் பகற்காட்சிக்குரிய உணர்விகளும், மங்கிய ஒளிக்குரிய உணர்விகளும் என இருவகை உள. பின்னவை முழுத்திறன் எய்துதற்கு இருளில் ஏறத்தாழ அரைமணி நேரம் வேண்டும். கூசும் விளக்கொன்றை ஒருமுறை நோக்கினும் அத்திறன் கெடும். கண்கூசும் விளக்கின் அருகேயுள்ள நிழலில் நிற்பாரை நாம் காணமாட்டோம். மூடியிட்டு நிலத்தை மட்டும் நோக்கும் சிறு விளக்கே அந்நிழலையும் நமக்குக் காட்டும்.

எனவே வேண்டுவன நான்கே. விளக்கின் மேலும் பக்கமும் மூடியிட்டு ஒளியைக் கீழே செலுத்துதல். வேண்டுமளவு ஒளியே வைத்தல். வேண்டும் நேரத்தில் மட்டும் எரித்தல். வெண்ணீல ஒளியைவிட்டு இளமஞ்சள் ஒளியைக் கொள்ளுதல். இவை இயலாதன அல்ல. அமெரிக்காவில் ஃபிளாக்ஸ்டாஃப் என்னும் நகர், வான்நோக்கி வீசும் விளம்பர விளக்குகளைக் கட்டுப்படுத்த 1958-இலேயே விதி வகுத்தது. 2001-இல் உலகின் முதல் இருள்வான் நகர் என்னும் சிறப்பைப் பெற்றது. நம் நாட்டில் ஹான்லேயைச் சூழ்ந்த பகுதி 2022-இல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள ஊரார் தம் விளக்குகளை மூடியிட்டு அடக்கி, வருவார்க்குத் தாமே வானைக் காட்டும் வழிகாட்டிகளாகவும் விளங்குகின்றனர். ஆற்றிற் கலந்த நஞ்சு நீங்கப் பல்லாண்டு செல்லும். வானிற் கலந்த விளக்கொளியோ, விளக்கைத் திருத்திய கணமே நீங்கும். இத்துணை எளிதில் தீரும் கேடு பிறிதொன்றில்லை.

மாணாக்கர்க்கு ஒரு பயிற்சி

படித்தலோடு நில்லாது, கீழ்க்கண்ட பயிற்சியை ஒவ்வொருவரும் செய்து பார்க்குமாறு வேண்டுகின்றோம். கார்த்திகை முதல் மாசி வரையில், நிலவில்லாத, மேகமில்லாத இரவொன்றைத் தெரிந்துகொள்க. விளக்கு நேரே கண்ணிற் படாத இடத்தில் நின்று அரைமணி நேரம் பொறுத்திருக்க. அதுகாறும் கைப்பேசியைத் திறவற்க. ஒளி வேண்டின் சிவப்புத்தாள் சுற்றிய சிறு விளக்கைக் கொள்க. பின்னர் அறுமீனை எண்ணுக. முதலில் நேராகவும், பின்னர்ச் சற்றே பக்கத்தை நோக்கிக் கடைக்கண்ணாலும் பார்க்க. மங்கிய மீன்கள் கடைக்கண்ணிற்கே நன்கு தோன்றும். எண்ணிக்கை, நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. விடுமுறையில் சொந்த ஊர் செல்லும்பொழுது அங்கும் இவ்வாறே செய்க. சித்திரை வைகாசியில் வசிட்டரை நோக்கி, அருந்ததி உடன் நிற்கின்றாளோ எனக் காண்க.

இக்குறிப்புக்களைத் தொகுத்து வைத்தற்கு நம் நூலகத்தில் ஓர் ஏடு வைக்க எண்ணியுள்ளோம். முதற்பக்கத்தில் நம் திடலின் எண்ணிக்கை மூன்று என எழுதியாயிற்று. வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் பழைய மாணாக்கரும் தத்தம் ஊர் எண்ணிக்கையை எழுதியனுப்பின் ஏடு சிறக்கும். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே திடலில் நின்று வானைக் கண்டோர் தம் நினைவிலுள்ளதை எழுதுவராயின், நாம் இழந்ததின் அளவை இளையோர் அறிவர்.

மற்றுமொன்று. நம் திடலைச் சுற்றிப் பன்னிரண்டு விளக்குகள் உள்ளன. அவற்றுள் ஏழு, திடலை நோக்காது வானை நோக்கிச் சாய்ந்துள்ளன. இதனையும் மாணாக்கர் எண்ணியே கூறினர். அவற்றிற்கு மூடியிட்டுக் கீழ்நோக்கித் திருப்பவும், ஆட்டம் முடிந்தபின் அணைக்கவும் கல்லூரி ஆட்சியாளரை வேண்டிக் கொண்டுள்ளோம். நகர் முழுவதன் ஒளியையும் ஏழு விளக்கு மாற்றா என்பதை அறிவோம். ஆயினும் பிறர்க்கு உரைக்குமுன் தம் வாயிலைப் பெருக்குதல் கற்றார்க்கு அழகன்றோ?

ஆட்டு மந்தையைக் காத்த தாவீது அரசர், விரல்நுனியளவும் விளக்கில்லாத மலைச்சாரலில் நின்று வானையும் நிலவையும் மீன்களையும் நோக்கி, இத்துணைப் பெருமையின் நடுவே மனிதன் எம்மாத்திரம் என வியந்தார். அவ்வியப்பினின்றே அவர்தம் எட்டாம் சங்கீதம் பிறந்தது. அவ்வினாவைக் கேட்டற்குரிய வானம் நம் மாணாக்கர்க்கும் உரிமையுடையது. வருகின்ற கார்த்திகையில் நம் திடலில் நின்று மறுபடியும் எண்ணுவோம். மூன்று என்றெழுதிய ஏட்டில், அடுத்த வரியில் நான்கு என எழுதும் பேறு வாய்க்குமாயின், அதுவே இக்கட்டுரையின் பயனாகும்.